யூடியூப் சம்பாத்தியமும் தானியக் குவியலும்

சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையில் என்னருகே வந்து அமர்ந்தார். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றைப் பழுது பார்ப்பவர். இரண்டு ஆண்டுகளாக அந்த வேலையையே கைப்பேசியில் படம் பிடித்து யூடியூபில் போட்டு வருகிறார். சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"சேனலில் இருந்து வந்த முதல் பணம், ஆலிம்சா. ஒன்பதாயிரத்துச் சொச்சம். முதல் சம்பாத்தியம் பள்ளிக்கு என்று நிய்யத் வைத்திருந்தேன். ஹவுளுக்கு ஓடு பதிக்க எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

பக்கத்தில் இருந்த முத்தவல்லி உறையைத் தொடவில்லை. "இந்தப் பணம் ஆகுமா, ஆகாதா என்று முதலில் ஆலிம்சா சொல்லட்டும்" என்று நகர்ந்துகொண்டார். நான் அன்று பதில் சொல்லவில்லை. பத்து நாள் தவணை கேட்டேன். கித்தாபுகளைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். எனக்கும் ஒரு சேனல் இருக்கிறது என்பது மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தை அவர்களிடம் சொல்ல எனக்கு அன்று நா எழவில்லை.

வாசகர்களில் பலருடைய வீட்டிலும் இன்று இந்தக் கேள்வி நுழைந்துவிட்டது. மகன் பைக் ஓட்டிப் படம் எடுக்கிறான். மருமகள் சமையல் சொல்லிக் கொடுக்கிறாள். கணவர் சவூதியில் இருக்க, மனைவி தையல் வகுப்பு நடத்துகிறார். அந்தப் பணத்தில் வீட்டு அரிசி வாங்கப்படுகிறது. "ஹலாலா, ஹராமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று நம்மிடம் வருகிறார்கள். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததற்கு நியாயம் இருக்கிறது.

பணம் எப்படி வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வியாபாரத்தின் உருவம் தெரியாமல் அதற்குச் சட்டம் சொல்வது ஆலிமுக்கு அழகல்ல. யூடியூப் 2005-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே கூகுள் நிறுவனம் அதை 165 கோடி டாலருக்கு வாங்கியது. 2007 முதல் வீடியோ போடுவோருக்கும் விளம்பர வருமானத்தில் பங்கு தரும் ஏற்பாடு வந்தது. 2018-இல் அதற்கொரு வரம்பு வைத்தார்கள். ஆயிரம் பேர் சேனலில் சேர்ந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்குள் மக்கள் அதை நாலாயிரம் மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். குறும்படங்களுக்கு வேறு கணக்கு உண்டு. வரம்பைத் தாண்டியவருக்கு, நீண்ட வீடியோக்களில் ஓடும் விளம்பரப் பணத்தில் நூற்றுக்கு 55 பங்கு. மீதி 45 நிறுவனத்துக்கு. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அதற்கு முன்பே, முகவரியைச் சரிபார்க்க ஓர் எண்ணைத் தபாலில் அனுப்புகிறார்கள். நம் இளைஞர் அந்தக் கடிதத்தைத் தம் உம்மாவிடம் காட்ட, அவர் அதைக் குர்ஆன் வைக்கும் பலகைக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தினாராம்!

விளம்பரத்தைத் தேர்ந்தெடுப்பது வீடியோ போடுபவர் அல்லர். ஒவ்வொருவர் பார்க்கும் நேரத்திலும் கண்ணிமைக்கும் பொழுதில் ஓர் ஏலம் நடக்கிறது. அதிக விலை கேட்டவரின் விளம்பரம் ஓடுகிறது. ஒரே பயானுக்கு முன்னால் ஒருவர் அரிசி விளம்பரத்தைப் பார்ப்பார். மற்றொருவர் வட்டிக் கடன் விளம்பரத்தைப் பார்ப்பார். சில வகை விளம்பரங்களையும் குறிப்பிட்ட சில நிறுவனங்களையும் தடுத்து வைக்க வழி தந்திருக்கிறார்கள். ஆனால் சல்லடையின் கண்ணுக்குத் தப்பி விழுபவை உண்டு. பணம் வைத்து ஆடும் ரம்மி விளம்பரங்கள் சில ஆண்டுகள் நம்மைப் படுத்திய பாடு அனைவரும் அறிந்ததே. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் இயற்றியது.

பாவத்திலும் பகைமையிலும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளலாகாது என்பது ஸூரத்துல் மாயிதாவின் கட்டளை. அதனால்தான், தம் கட்டுப்பாட்டில் இல்லாத விளம்பரத்துக்கு இடம் கொடுப்பது கூடவே கூடாது என்று சில முஃப்திகள் கூறுகிறார்கள். உள்ளடக்கம் தூய்மையாக இருந்து, தடுக்க முடிந்ததைத் தடுத்து, தப்பி வந்ததன் பங்கைக் கணக்கிட்டு, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டால் மீதி ஆகும் என்று வேறு சிலர் கூறுகிறார்கள். பேணுதல் முந்தைய கருத்தில் இருக்கிறது. ஆயினும் பிந்தைய கருத்தின்படி நடப்பவரை ஹராம் உண்பவர் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2020 நவம்பரில் நிறுவனம் தன் நிபந்தனைகளை மாற்றிக்கொண்டது. அதன்படி, பங்கு வாங்காதவரின் வீடியோவிலும் அது விளம்பரம் ஓட்டலாம். வருமானம் முழுவதும் அதற்கே. எனவே, "நான் பைசா வாங்கவில்லை, ஆகவே எனக்குப் பொறுப்பில்லை" என்று யாரும் எளிதில் கை கழுவிவிட முடியாது.

விளம்பரத்தைப் பற்றி இவ்வளவு போதும். கேட்க வந்தவர்கள் அனைவரும் இதை மட்டுமே கேட்கிறார்கள். நானும் நெடுநாள் இதை மட்டுமே யோசித்தேன். கேட்கப்படாத கேள்வி வேறொன்று இருக்கிறது.

இந்த வியாபாரத்தில் விற்கப்படும் சரக்கு எது? நம் இளைஞரைக் கேட்டேன். "என் வீடியோ" என்றார். வீடியோவை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லையே! காசு கொடுப்பவன் விளம்பரக்காரன். அவனுக்கு மிக்ஸி பழுதுபார்ப்பதில் அக்கறை இல்லை. அதைப் பார்க்க உட்கார்ந்திருக்கும் மனிதரின் கண்ணும் காதும் நேரமுமே அவனுக்கு வேண்டும். ஆக, சரக்கு பார்ப்பவரின் நேரம். விற்பவர் நாம். சரக்குக்குச் சொந்தக்காரரோ, தம் பொருள் விற்கப்படுவதை நினைத்தும் பார்ப்பதில்லை.

ஆரோக்கியம், ஓய்வு நேரம் என்ற இரு அருட்கொடைகளில் மனிதரில் அதிகமானோர் நஷ்டப்பட்டுப் போகிறார்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக ஸஹீஹ் புகாரியில் ஒரு ஹதீஸ் வருகிறது. அதில் 'நஷ்டப்பட்டவர்' என்பதற்கு அண்ணலார் ஆண்ட சொல் 'மக்பூன்'. அது கடைத்தெருச் சொல். பத்து ரூபாய்ப் பொருளை ஏமாந்து இரண்டு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தவனை அப்படிச் சொல்வார்கள். மதரஸாவில் இதை ஓதியபோது உவமை என்றே எண்ணினேன். இன்று நேரத்துக்கு உண்மையிலேயே சந்தை வந்துவிட்டது, விலை வந்துவிட்டது, நொடிக்கு ஏலம் நடக்கிறது. ஒருவர் தம் நேரத்தில் மக்பூனாகிப் போகிறார் என்றால், அந்த ஏமாற்றத்தில் லாபம் அடைந்தவர் ஒருவர் இருக்க வேண்டுமே. அவர் யார்?

மதீனாவின் சந்தையில் ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. வியாபாரியிடம் காரணம் கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்றார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தைச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வருவது இது. அந்த வியாபாரி பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே இருந்தது மெய்யாகவே காய்ந்த தானியம்தான். அடுக்கிய விதத்திலேயே மோசடி இருந்தது.

ஒரு வீடியோவின் தலைப்பும் முகப்புப் படமும் குவியலின் மேல்பகுதி. வாயைப் பிளந்த முகம், சிவப்பு வட்டம், 'கடைசி வரை பாருங்கள்' என்ற எச்சரிக்கை. உள்ளே போனால் ஈரம்! இந்தத் தொழிலில் எட்டு நிமிடக் கணக்கு என்று ஒன்று உண்டு. 2020 முதல், எட்டு நிமிடம் உள்ள வீடியோவின் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். அதனால் மூன்று நிமிடத்தில் முடியும் ரசம் எட்டு நிமிடம் கொதிக்கிறது. பார்க்கும் சகோதரியின் அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறது.

ஆட்டின் மடியைக் கட்டிவைத்து, பால் நிறைந்ததுபோல் காட்டி விற்பதையும் அண்ணலார் தடுத்திருக்கிறார்கள். வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரை மயக்கும் 'நஜ்ஷ்' என்பதையும் தடுத்திருக்கிறார்கள். ஆயிரம் சந்தாதாரர்களைக் காசு கொடுத்து வாங்குவதும், ஆள் வைத்துப் பாராட்டு எழுதச் செய்வதும் இவற்றின் குழந்தைகளே. ஒரு பொருளைப் பாராட்டக் காசு வாங்கியிருந்தால் அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. சரக்கின் குறையை மறைக்காதே என்று பதினான்கு நூற்றாண்டுகளாக ஓதிவரும் சமுதாயத்துக்கு அந்தச் சுற்றறிக்கை தேவைப்பட்டிருக்கக் கூடாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது, ஜும்ஆ இல்லாமல் தவித்த எங்கள் ஜமாஅத்தாருக்காக வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் பயான் பதிவு செய்தேன். அப்போது அதில் வேறு நோக்கம் இல்லை, அல்லாஹ் அறிவான். மறு ஆண்டில் ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். ஒரு நண்பர், "ஆலிம்சா, உங்கள் சம்பளம் எங்களுக்குத் தெரியாதா, பிள்ளைகள் படிப்புக்கு ஆகுமே" என்று சொல்லி விளம்பரத்துக்கு விண்ணப்பித்துக் கொடுத்தார். அதில் தவறு காணவில்லை. மார்க்கம் கற்பிக்கக் கூலி வாங்கலாமா என்பது பழைய விவாதம். முற்கால ஹனஃபி இமாம்கள் கூடாது என்றார்கள். பின்னால் வந்தவர்கள், கற்பிப்போர் பிழைக்க வழியின்றிக் கல்வியே அழிந்துவிடும் என்று அஞ்சி அனுமதித்தார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி முன்பே உண்டு. இறைவேதத்தை ஓதிப் பார்த்ததற்குக் கூலியாக ஸஹாபாக்கள் ஆடுகள் பெற்றதும், நபி (ஸல்) அவர்கள் அதை அங்கீகரித்ததும் புகாரியில் உள்ளவை.

ஆனால் கூலி வேறு. கூலி கொடுப்பவன் பாடத்தையே மாற்றுவது வேறு. சகோதரிகளுக்கு வாரிசுப் பங்கைக் கொடுக்காத ஆண்களைப் பற்றி ஒரு மாதம் உழைத்துப் பேசினேன். முந்நூறு பேர் பார்த்தார்கள். ஜின்களைப் பற்றி ஒருநாள் மேலோட்டமாகப் பேசினேன். பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தலைப்பு யோசிக்கும்போது என் மனம் எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டுமா? மிம்பரில் நிற்பவனுக்குக் கட்டளையிட யாரோ பின்னால் நிற்பது போன்ற உணர்வு. அந்த யாரோ ஒரு மனிதனும் அல்லன்; வெறும் எண்.

அந்தக் காலத்தில்தான் ஃபாத்திஹா ஸூராவின் எழுத்து உச்சரிப்பைப் பற்றி ஒரு வீடியோ போட்டேன். பதினொரு நிமிடம். தலைப்பு: 'இந்த எழுத்தை இப்படி ஓதினால் தொழுகை கூடாது!' 'ளாத்' என்ற எழுத்தைப் பற்றியது. சட்டத்தில் பிழையில்லை. கற்றுக்கொள்ள முடிந்தவர் அலட்சியமாக எழுத்தை மாற்றி ஓதினால் தொழுகைக்குக் கேடு. முயன்றும் நாக்கு வராதவருக்கு மன்னிப்பு உண்டு; அவருடைய தொழுகை கூடும். இரண்டையும் சொன்னேன். முதலாவதை முதல் நிமிடத்தில் சொன்னேன். இரண்டாவதை ஒன்பதாவது நிமிடத்தில் சொன்னேன். ஏன் அங்கே? ஆரம்பத்திலேயே ஆறுதல் சொல்லிவிட்டால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார் என்று நான் கற்றிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு வீட்டு மௌலிதுக்குப் போன இடத்தில், எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் திரைக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

"ஏன் வாப்பா, அறுபது வருசம் தொழுதது எல்லாம் வீணா?"

பேரன் கைப்பேசியில் என் வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்கிறான். மூன்று நிமிடம் ஓடியதும் அவனுக்கு வேறு வேலை வந்துவிட்டது. பல் போன வாயில் அந்த எழுத்து வராது என்பது அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப் பிறகு, மூட்டு வலியோடு, அறுபது வருடத் தொழுகைகளைக் களாச் செய்யத் தொடங்கியிருக்கிறார். மௌத்துக்கு முன்னால் முடியுமா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் சட்டத்தை விளக்கினேன். உங்கள் தொழுகை கூடியது, களா எதுவும் இல்லை என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தொழுதது வீணாப் போகாது வாப்பா, நஃபிலா இருந்துட்டுப் போகட்டும். ஆனா மூணு மாசமா நெஞ்சுக்குள்ளே ஒரு பயம் கிடந்துச்சே, அதுக்கு என்ன செய்வே?"

அந்த வீடியோவுக்கு மட்டும் எவ்வளவு பணம் வந்தது என்று தனியே காட்டும் வசதி இருக்கிறது. பார்த்தேன். இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய். அதன் முன்னும் நடுவிலும் ஓடிய விளம்பரங்களில் ஆகாதது ஒன்றும் இல்லாமலே இருந்திருக்கலாம். அரிசியும் சோப்பும் மட்டுமே இருந்திருக்கலாம். அந்தப் பணம் அதனால் தூய்மையாகிவிடுமா? ஒரு முஃமினான கிழவியின் பயத்தை ஆறு நிமிடம் கூடுதலாகப் பிடித்துவைத்து விற்ற பணம் அது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வியாபாரக் கூட்டாளி, குறையுள்ள ஒரு துணியைக் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டபோது, வாங்கியவர் யாரென்று தெரியாததால் இமாமவர்கள் அந்தச் சரக்கின் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறும். நானும் அந்தத் தொகையை வெளியேற்றினேன். ஆனால் இமாமவர்களுக்கு வாங்கியவர் யாரென்று தெரியாது. எனக்குத் தெரியும். அவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்.

தலைப்பை மாற்றினேன். ஆறுதலை முதல் நிமிடத்தில் வைத்து மறுபடி பதிவு செய்தேன். பெரும்பாலோர் இரண்டாவது நிமிடத்தில் போய்விடுகிறார்கள். விடை கிடைத்துவிட்டது, போகிறார்கள். போகட்டுமே! பாடம் புரிந்த மாணவன் எழுந்து போவதில் உஸ்தாதுக்கு என்ன வருத்தம்? வருத்தம் இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மார்க்கச் சட்டம் சொல்லும் வீடியோக்களில் விளம்பர வருமானத்தை நான் நிறுத்திவிட்டேன். எல்லா ஆலிம்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் வாதமல்ல. என் நஃப்ஸை நான் அறிவேன், அவ்வளவே. மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரில் ஒருவர், ஆலிம் என்று பேர் வாங்கக் கற்றவர். அந்த ஹதீஸை அறிவிக்கத் தொடங்கும்போது அபூஹுரைரா (ரலி) அவர்கள் மூர்ச்சையாகி விழுந்தார்கள் என்று திர்மிதீயில் வருகிறது. நாம் அதைச் சொல்லும்போது 'லைக்' போடச் சொல்கிறோம்.

வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெண்கள் ஒழுங்கு பேணிச் சமையலும் தையலும் கற்றுக்கொடுத்துச் சம்பாதிப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் மாமியார்கள், அந்தப் பணத்தில் வந்த அரிசியைச் சுளிக்காமல் உண்கிறார்கள்; அதை விட்டுவிடுவோம். என் கவலை பிள்ளைகளைப் பற்றியது. அழும் குழந்தையை, அடி வாங்கும் குழந்தையை, சுன்னத்துச் செய்த பிள்ளையைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்தது தொடர்பான வழக்கில் கூகுள் நிறுவனம் 2019 செப்டம்பரில் அமெரிக்க அரசோடு 17 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சிறுவர்களுக்கான வீடியோக்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் வந்தது அதன் பிறகே. பெற்றோரே விற்கும்போது யார் வழக்குப் போடுவது? பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழையாதீர் என்று ஸூரத்துந் நூர் கட்டளையிடுகிறது. நாமோ கதவைக் கழற்றி வைத்துவிட்டு, வருவோர் எண்ணிக்கை குறைகிறதே என்று கவலைப்படுகிறோம்.

பத்தாவது நாள் இளைஞர் வந்தார். முத்தவல்லியும் இருந்தார். விளம்பர விஷயத்தை விளக்கி, தடுக்க வேண்டியவற்றைத் தடுக்கும் முறையைப் பேசினோம். அதில் அவர் என்னைவிட விவரமானவர். பிறகு என் கதையை இருவரிடமும் சொன்னேன். மூதாட்டியின் பேரைச் சொல்லவில்லை. சொல்லி முடித்து, "தம்பி, உம்முடைய தலைப்புகளில் சொன்னதெல்லாம் உள்ளே இருந்ததா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். பின்பு சிரிப்பு நின்றது. "பாதிக்கு மேல் இருந்தது, ஆலிம்சா" என்றார். மிக்ஸி வெடித்துவிடும் என்று ஒன்று போட்டிருக்கிறார். மிக்ஸி வெடிக்கவில்லை, வயர் கருகியிருந்தது. அதுதான் அதிகமாக ஓடியதாம். உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முத்தவல்லிக்கு வருத்தம், பையனின் மனத்தை முறித்துவிட்டேன் என்று நினைத்தார்.

ஒரு வாரம் கழித்து மஃரிபுக்குப் பின் மறுபடி வந்தார். உறையில் ஐயாயிரத்து நானூறு ரூபாய் இருந்தது. ஒரு தாளில் பத்தொன்பது வீடியோக்களின் பெயரும், ஒவ்வொன்றுக்கும் வந்த தொகையும் எழுதி, சிலவற்றைப் பேனாவால் அடித்திருந்தார். "அடித்ததை எல்லாம் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் திண்டாடும் ஒரு குடும்பத்துக்கு நிய்யத் இல்லாமல் கொடுத்துவிட்டேன். இரண்டு மட்டும் இன்னும் தெரியவில்லை. இன்ஷா அல்லாஹ், மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். முத்தவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை வரிவரியாகப் படித்தார். பிறகு ரசீதுப் புத்தகத்தை எடுத்து, ஹவுள் வகையில் ஐயாயிரத்து நானூறு என்று எழுதிக் கொடுத்தார்.